அப்பாவின் இடது கண்

திண்டுக்கல்
4 மே 2024

டெய்சி அக்காவுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். மெயிலுக்குப் பதில் இல்லை. வேறு ஆள் ஃபோனில் இருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வெட்டுகிறாய். சரி, தபால். கவுன்டரில் இருந்த அம்மா, "ஜெர்மனிக்கா? கடுதாசியா?" என்று இரண்டு தடவை கேட்டார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கோபம், என் கோபம் எல்லாம் அப்புறம். அப்பா கண்ணைக் கழற்றி வைத்துவிட்டார். சூசையப்பர் திருநாள் அன்று நாகல் நகரில் என் செயற்கைக் கண் லேப் திறந்தேன் அல்லவா, அடுத்த வாரமே வீட்டை விட்டுவிட்டுச் சிறுமலை ஏறிவிட்டார். அவரிடம் கணக்குப் படித்த சடையாண்டி அண்ணனின் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். அன்றிலிருந்து இடது பக்கம் வெறும் குழி. மேலே ஒரு கறுப்புக் கண்ணாடி.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உனக்குத் தெரியுமா? நீ நர்ஸ்தான், ஆனால் முதியோர் இல்லத்து நர்ஸ். அதனால் சொல்கிறேன். கண் எடுத்த குழி சும்மா இருக்காது. உள்ளே ஒரு பொருள் தாங்கி நிற்கிறவரைக்கும்தான் அது குழி. எடுத்துவிட்டால் உள்தோல் சுருங்க ஆரம்பிக்கும். கீழ் இமைக்கு உள்ளே ஒரு மடிப்பு உண்டு, செயற்கைக் கண்ணின் அடி ஓரம் அதில்தான் உட்காரும். முதலில் அந்த மடிப்பு தூர்ந்துபோகும். அது போனால் நீ ஜெர்மனியில் இருந்து அனுப்புகிற கண்ணாடிக் கண்ணும் நிற்காது, என் அக்ரிலிக் கண்ணும் நிற்காது. அப்புறம் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். அறுபத்தைந்து வயதில் அது பிடிக்கும் என்று எந்த டாக்டரும் சத்தியம் பண்ண மாட்டார்.

போன வாரம் மேலே போனேன். அப்பா முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அப்பா, குழியைக் காட்டுங்க" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தட்டியிருப்பேன். திறந்துபோட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் நான் என்ன செய்வது? சடையாண்டி அண்ணன்தான், "செத்த நேரம் இருப்பா, காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

எல்லாம் அந்த ஃப்ளெக்ஸால் என்று பிளாக் பண்ணுமுன் சொன்னாய். ஆமாம், வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒன்று, லேப் வாசலில் ஒன்று, வடமதுரையில் ஒன்று. "என் அப்பா ஆரோக்கியதாஸ் சார். நாற்பத்தைந்து வருடமாகச் செயற்கைக் கண். உங்களில் யாருக்காவது தெரிந்ததா?" அப்பா படம், அம்புக்குறி, என் நம்பர். இதில் எது பொய்? நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை எடுக்கிற சிவனம்மாள் என்று ஒருவர், வேலிக்கம்பி குத்திக் கண் போய், பல வருடமாக முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு திரிந்தவர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். "வாத்தியாருக்கே பொய்க்கண்ணுங்கும்போது எனக்கென்ன தம்பி வெக்கம்" என்றார். இதற்காக என்னைத் தூக்கில் போடு.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பாவிடம் சொல்லி என் நாற்காலியில் வந்து உட்கார வை. இன்னொரு கண்ணாடிக் கண் அனுப்பாதே. நீ அனுப்புகிற வரைக்கும் அவர் என்னிடம் வரமாட்டார். கண்ணாடி கண்ணீரிலேயே அரித்துப்போகிற சாமான். கை தவறினால் தூள். உலகம் அதை விட்டுவிட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

சீக்கிரம் எழுது. குழி உன் கோபம் தணிகிற வரைக்கும் காத்திருக்காது.

ரொனால்டு


ஏர்ஃபுர்ட்
19 மே 2024

இயேசு மரி சூசை

தம்பி ரொனால்டுக்கு,

கடுதாசி வந்துச்சு. கையெழுத்து இன்னமும் ரெக்கார்டு நோட்டு எழுதுற மாதிரியேதான் இருக்கு. உன்னை பிளாக்ல இருந்து எடுக்கிறதா இல்லை. ஃபோன்ல நீ பேசுறது பேச்சில்லை, போர் போடுற சத்தம். எழுது. எழுதினா நடுவுல மூச்சாவது விடுவ.

முதியோர் இல்லத்து நர்ஸா? சரிடா. இங்க ரெண்டு பெரியவங்களுக்குக் கண்ணாடிக் கண்ணு, தினம் நாந்தான் கழுவிப் போடுறேன். அதுக்கும் முன்னாடி, எட்டு வயசுல இருந்து அப்பா கண்ணைக் கழுவினவ நான். அம்மாவுக்குக் கை நடுங்கும். வெதுவெதுன்னு தண்ணி, கீழ துண்டு, சன்னலைச் சாத்திக்கணும். உனக்குப் பதினஞ்சு வயசாகிற வரைக்கும் நாங்க யாரும் சொல்லலை. ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? உன் வாயி.

அப்பாவுக்கு அந்தக் கண்ணு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? ஹாஸ்டல் சமையக்கட்டுல விறகு பொளக்கும்போது சிராய் தெறிச்சுப் போனது. அப்ப இருந்த ஜெர்மன் சாமியாரு மெழுகுல அச்செடுத்து, நல்ல கண்ணை வர்ணத்துல வரைஞ்சு, அவரு ஊருக்குத் தபால்ல அனுப்பினாரு. பஞ்சுக்குள்ள சுத்தி கண்ணு வந்துச்சு. அந்தக் கண்ணைப் போட்டுக்கிட்டுத்தான் டீச்சர் டிரெயினிங் இன்டர்வியூவுக்குப் போனாரு. அவங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. யாரும் கேட்கலை. அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகிற வரைக்கும் யாரும் கேட்கலை.

இப்ப நான் ஒண்ணு கேட்கிறேன். அப்பாவுக்குப் போனது இடது கண்ணு. நீ போர்டுல அம்புக்குறி போட்டது எந்தக் கண்ணுக்கு? போய்ப் பாரு. நான் சொல்றதை நம்ப வேணாம், லேப் வாசல்லதான இருக்கு.

பார்த்துட்டியா? சடையாண்டி அண்ணன் அதைப் படம் எடுத்து அனுப்பினப்ப நான் சிரிச்சுட்டேன். அப்பா சிரிக்கலை.

உனக்கு இது தெரியாதுடா, நீ கவனிச்சதே இல்லை. அப்பா இந்த ஊரையே தன்னோட வலது பக்கமா அடுக்கி வெச்சிருந்தாரு. கோவில்ல இடது சுவரை ஒட்டி உட்காருவாரு, அப்பத்தான் எல்லாரும் வலது பக்கம் வருவாங்க. நம்ம ரெண்டு பேரையும் வலது கையிலதான் பிடிச்சுக்கிட்டுப் போவாரு. கல்யாண வீட்டுப் பந்தியில கூட வரிசையோட இடது கடைசிதான். உன் போர்டைப் பார்த்த சனம் என்ன பண்ணுச்சு தெரியுமா? "பாவம் சாருக்கு வலது பக்கம் தெரியாதாம்"னு எல்லாரும் இடது பக்கமா வந்து நிக்க ஆரம்பிச்சிருச்சு. மரியாதைக்கு! கும்பிடுறாங்க, இவருக்குத் தெரியலை. பேசினா தூக்கிவாரிப் போடுது. சாருக்குக் காதும் போச்சு, கர்வமும் வந்துருச்சுன்னு பேச்சு. ரவுண்டு ரோட்டுல எவனோ பழைய மாணவன் உதவுறேன்னு வலது பக்கமா அணைச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி இருக்கான். இடது பக்கம் வந்த ஆட்டோவை ரெண்டு பேருமே பார்க்கலை. முழங்கையில உரசிட்டுப் போயிருக்கு. அன்னைக்கு வீட்டுக்கு வந்துதான் கண்ணைக் கழட்டினாரு. "போட்டு என்னம்மா பிரயோசனம், எல்லாரும் நல்ல கண்ணைத்தான் உத்துப் பாக்கிறாங்க"ன்னாரு.

உன் லேபைத் திட்ட எனக்கு ஆசையில்லை. ஆனா கண்ணாடியைப் பத்திப் பேசாத. இங்க லௌஷாங்கிற மலை ஊர்ல பொம்மைக்குக் கண்ணு ஊதிக்கிட்டிருந்தவங்க, நூத்தித் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே மனுசனுக்கு ஊத ஆரம்பிச்சவங்க. அதுவரைக்கும் பாரிஸ்லதான் செய்வாங்களாம். கிரீன்லாந்துல கிடைச்ச ஒரு கல்லைக் கலந்து, கண்ணீர் பட்டாலும் சீக்கிரம் அரிக்காத வெள்ளைக் கண்ணாடியை உண்டாக்கினாங்க. ஆளை எதிர்ல உட்கார வெச்சு, கண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒரு மணி நேரத்துல தீயில ஊதிக் கையில குடுப்பாங்க. உன் லேபுக்கு வயசு ரெண்டு மாசம்.

லீவு போட்டிருக்கேன். லௌஷா போய்ப் புதுக் கண்ணுக்குச் சொல்லப் போறேன். உன்கிட்ட அனுமதி கேட்கலை.

டெய்சி


திண்டுக்கல்
3 ஜூன் 2024

அக்கா,

பார்த்தேன். வலது கண்.

ஃப்ளெக்ஸ் அடித்த விக்னேஷ்குமார் கடைக்குப் போய்க் கத்தினேன். "நீங்கதான ப்ரோ இடது கண்ணுன்னு சொன்னீங்க, இடது பக்கம்தான் போட்டிருக்கேன்" என்று மானிட்டரில் விரலை வைத்துக் காட்டினான். படத்தைப் பார்க்கிறவனுக்கு இடது. அப்பாவுக்கு வலது. டிரெயினிங்கில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அக்கா, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இடது உன் இடது இல்லை என்பது. நான் தினமும் லேப்புக்குள் போகும்போது அந்தப் போர்டுக்கு அடியில்தான் செருப்பைக் கழற்றுகிறேன். ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மூன்றையும் எடுத்துவிட்டேன். வடமதுரைப் போர்டைக் காணோம். விசாரித்துக்கொண்டே போனால், ஒரு மாட்டுக்கொட்டகைக் கூரையில் அப்பா. மழைக்கு விரித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர், "நல்ல கெட்டி சீட்டு தம்பி, தரமாட்டேன்" என்றார். சண்டை போட்டுத்தான் வாங்கி வந்தேன்.

அப்பா கண்ணைப் பற்றி ஊருக்குச் சொன்னது தப்பு என்று இன்னமும் எனக்குத் தோன்றவில்லை. தப்பான கண்ணைச் சொன்னது தப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

உன் லௌஷா வரலாறு எனக்கும் தெரியும். மிச்சத்தையும் எழுது. இரண்டாவது உலகப் போரில் ஜெர்மன் கண்ணாடி அமெரிக்காவுக்கு வருவது நின்றுபோனது. கண் போன சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய ராணுவத்தில் பல்செட் செய்கிறவர்கள், பல்செட்டுக்கு வைத்திருந்த அக்ரிலிக்கில் கண் செய்தார்கள். விழுந்தால் உடையாது. குழிக்குத் தக்கபடி தேய்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். ஊதின கண்ணாடியில் அதெல்லாம் முடியாது. சரியாக வரவில்லையென்றால் இன்னொன்று ஊத வேண்டும். உன் ஆட்கள் பொம்மையில் இருந்து வந்தவர்கள், என் ஆட்கள் பல்லில் இருந்து வந்தவர்கள். இதில் யாருக்கும் பெருமை வேண்டாம்.

நீ சும்மா இருக்கமாட்டாய் என்று தெரியும். நானும் சும்மா இல்லை. வீட்டு பீரோவில் அப்பாவின் பழைய கண் ஒன்று கிடந்தது, ஓரம் சில்லு பெயர்ந்தது. அதை வைத்து அச்சு எடுத்தேன். குழி சுருங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சுற்றிலும் கொஞ்சம் குறைத்தேன். வெள்ளையில் நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து ஒட்டினேன். கருவிழிக்குத்தான் ஆள் வேண்டும். அப்பா எனக்கு முகத்தையே காட்டவில்லை. ஆனால் பிறந்ததில் இருந்து எல்லாரும் சொல்வதுதானே, அப்பா கண்ணை அப்படியே உரித்து வைத்திருக்கிறேன் என்று. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என் கண்ணைப் பார்த்து வரைந்தேன். நான் செய்ததிலேயே நல்ல கண் அது. ஒளி உள்ளே இறங்கி நிற்கிறது.

ஆளைப் பார்க்காமல் கண் கொடுக்கக் கூடாது, தெரியும். ஆனால் மடிப்பு தூர்ந்துகொண்டிருக்கிறது. பழ மார்க்கெட்டுக்கு வாழைத்தார் இறக்க வந்த சடையாண்டி அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். "சாரு போடுவாரான்னு தெரியலையேப்பா" என்றார். "நான் செஞ்சேன்னு சொல்லாதீங்க, டெய்சி அனுப்புச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

ரொனால்டு


ஏர்ஃபுர்ட்
20 ஜூன் 2024

தம்பி,

நான் அனுப்பினேன்னு சொல்லச் சொன்னியாக்கும். கேளு.

ஞாயித்துக்கிழமை சடையாண்டி அண்ணன் வீடியோல வந்தாரு. சிக்னல் கிடைக்கிற பாறைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்திருந்தாரு. அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு, "நீ அனுப்பினது நல்லாயிருக்கா பாரும்மா"ன்னாரு. வலது பக்கம் அப்பா பார்க்கிறாரு. இடது பக்கம் நீ பார்க்கிற. நிசமாத்தான் சொல்றேன் ரொனால்டு, அப்பா முகத்துக்குள்ள இருந்து நீ எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. அந்த முறைப்பு கூட அப்படியே இருக்கு. தோல் சுருங்கி, புருவம் நரைச்ச முகத்துல, இருபத்தெட்டு வயசுக் கண்ணு ஒண்ணு பளபளன்னு. ஆந்தையைப் பார்த்த மாதிரி சடையாண்டி அண்ணனே திரும்பிக்கிட்டாரு.

என்னால பொய் சொல்ல முடியலை. நான் அனுப்பலைப்பான்னு சொல்லிட்டேன். அப்பா கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டாரு. அப்புறம், "தெரியும். ஜெர்மன்காரனுக்கு என் மகன் மூஞ்சி எப்படித் தெரியும்"னாரு. கோவமா சொன்னாரா சிரிச்சாரான்னு கேட்காத, அதுக்குள்ள லைன் போயிருச்சு.

இதை வெச்சு உன்னைக் கிழிக்கணும்னுதான் உட்கார்ந்தேன். ஆனா லௌஷாவுல நடந்ததையும் எழுதணும்.

ரெண்டு ரயில் மாறிப் போனேன். கண்ணு ஊதுறவ என் வயசுக்காரி. அவ தாத்தா காலத்துல இருந்து அதே பட்டறை. இழுப்பறையை இழுத்தா வரிசை வரிசையாக் கண்ணு, நீலம், சாம்பல், பச்சை, ஓரத்துல ஒரு தட்டுல நம்ம பக்கத்து நிறம். அப்பாவோட அட்டையை எடுத்தா. நான் முதல் தடவை வந்தப்ப குடுத்த போட்டோ ஒட்டியிருக்கு. அம்மா இருந்தப்ப எடுத்தது. "இதைப் பார்த்துத்தான் போன தடவையும் ஊதினேன், அதுக்கு முந்தின தடவையும் இதுதான், உங்க அப்பா இன்னமும் இப்படியா இருக்காரு?"ன்னு கேட்டா. அப்புறம், "இந்த வயசுல கருவிழியைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம் வந்திருக்கும், எவ்வளவு அகலம், முழு வட்டமா, மேலயும் கீழயும் மட்டுமா?"ன்னா.

எனக்குத் தெரியலைடா.

தினம் இருபது கிழடுகளுக்கு மருந்து ஊத்துறேன். அவங்க கண்ணுல வளையம் எப்படி இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். எங்க அப்பாவுக்கு வளையம் இருக்கான்னு தெரியலை. வாராவாரம் வீடியோல பார்க்கிறேன், என்னத்தைப் பார்த்தேன்? நான் வருஷாவருஷம் பார்சல்ல அனுப்பினதும் பொம்மைக் கண்ணுதான். அப்பாவுக்கு வயசானதை நீயும் பார்க்கலை, நானும் பார்க்கலை. நீ பக்கத்துல இருந்துக்கிட்டுப் பார்க்கலை, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

ஆளு வராம ஊத மாட்டேன்னுட்டா. அப்பாவை இங்க கூட்டிட்டு வர நடக்கிற காரியமா? விசா, பிளேன், அவருக்கு மூட்டு வலி. ஆக, உன்னை விட்டா வேற ஆள் இல்லை. இதை எழுதவே எனக்குக் கை கூசுது.

நீ செஞ்ச கண்ணு ரெண்டு நாளா உறுத்துதாம், தண்ணியா வடியுதாம். என்ன பண்ணப்போற?

டெய்சி


திண்டுக்கல்
6 ஜூலை 2024

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சடையாண்டி அண்ணன் அந்தக் கண்ணைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து. வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ் ஓரத்தில் உராய்ந்த தடம் இருக்கிறது. அந்த இடத்தில் மடிப்பு இல்லை என்று அர்த்தம். நான் நினைத்ததைவிடச் சுருங்கியிருக்கிறது.

உன் கடிதத்தை லேப்பில் நின்றுகொண்டே படித்தேன். வளையம். புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், போன மாதம்கூட ஒரு பெரியவருக்கு வரைந்தேன். அப்பாவுக்கு வரைய வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கண் திரும்பி வந்ததில் இருந்து பத்து நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருவருக்கு மெழுகு அச்சை இரண்டு தடவை கெடுத்தேன். ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு சிறுமலை அடிவாரம் செக்போஸ்ட் வரைக்கும் போனேன். மேலே போய் மறுபடி முதுகைப் பார்க்க வேண்டுமா என்று திரும்பிவிட்டேன். அடுத்த நாளும் அதே. செக்போஸ்ட்காரர், "தம்பி, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார்.

கடைசியில் அப்பாவுக்கே எழுதினேன். நான்கு வரி. "போர்டில் இடது வலது மாற்றிப் போட்டது என் தவறு. எடுத்துவிட்டேன். அந்தக் கண் என் கண்ணைப் பார்த்துச் செய்தது, உங்கள் கண் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால்தான் தெரியும்." வேறு எதுவும் எழுதவில்லை. மன்னிப்பு, பாசம் எல்லாம் எழுதினால் அவர் சிவப்பு மையில் திருத்திவிடுவார்.

சடையாண்டி அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். அவ்வளவுதான். நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

ரொனால்டு


ஏர்ஃபுர்ட்
18 ஜூலை 2024

தம்பி,

ரெண்டு வரிதான், டூட்டிக்கு நேரமாச்சு. அப்பாகிட்ட நான் ஒரு வார்த்தையும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். நான் சொல்லி வந்து உட்கார்ந்தா அது எனக்காக உட்கார்ந்த மாதிரி ஆயிரும்.

வந்தாருன்னா, குழி எம்புட்டுப் போயிருக்கோ அதை மறைக்காம அவருகிட்டயே சொல்லு. உனக்குத் தெரிஞ்ச ஒரே மொழி அதுதான். இந்த ஒரு தடவை அது போதும்.

டெய்சி


திண்டுக்கல்
4 ஆகஸ்ட் 2024

அக்கா,

அப்பா வந்தார்.

புதன்கிழமை காலை லேப்பைப் பெருக்கிவிட்டுக் கதவைத் திறக்கிறேன், வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கிறார். பக்கத்தில் சிவனம்மாள், ஊருக்குப் போகிற வழியில் கண்ணைக் காட்டிவிட்டுப் போக வந்தவர். நான் ஆடிப்போய் உள்ளேயே நின்றுவிட்டேன். அதனால் பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

"நீங்கதான அந்த போர்டுல இருந்த சாரு?"

அப்பா "ம்" என்றார்.

"உங்களைப் பாத்துத்தான் நான் வந்தேன். எந்தக் கண்ணு சார், இந்தக் கண்ணுதான?" வலது பக்கம் கையை நீட்டுகிறார்.

நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் தப்பாப் போட்டுட்டான். இது."

என் வயதில் அப்பா தன் வாயால் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. உன் வயதிலும் இருக்காது.

சிவனம்மாள் குனிந்து உற்றுப் பார்த்தார். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அடியாத்தி! வெறுங்குழியாவா வச்சிருக்கீக? சுருங்கிப்போகும்னு இந்தத் தம்பி என்னையக் கண்ணு மண்ணு தெரியாம வையுமே, சொந்த அப்பனை வையலையா?"

"அவன் வஞ்சான். நாந்தான் கேட்கலை" என்றார் அப்பா.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குழிக்குள் அச்சுப் பசையை ஊற்றி அளவெடுத்தேன். நீ சொன்னபடி சொல்லிவிட்டேன். "அப்பா, கீழ் மடிப்பு முக்கால்வாசி போயிருச்சு. இனிமே முன்ன மாதிரி பெரிய கண்ணு உட்காராது. சின்னதாத்தான் செய்ய முடியும். இமை கொஞ்சம் தொங்கும். கண்ணை உருட்டினா இது கூட வராது. எட்ட இருந்து பார்த்தாலே செயற்கைன்னு தெரியும். ஒளிக்க முடியாது." எல்லாம் ஒரே மூச்சில்.

கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "ஊருக்கே தெரிஞ்சதுதான. எந்தப் பக்கம்னு சரியாத் தெரிஞ்சாப் போதும்."

வெளிச்சத்துக்காக ஜன்னலை ஒட்டி உட்காரவைத்து, ஒரு முழம் தள்ளி எதிரில் உட்கார்ந்தேன். எல்லாரிடமும் சொல்வதுதான், "என் மூக்கைப் பாருங்க, அசையாதீங்க" என்றேன்.

"அதை வேற பாக்கணுமா. உங்கம்மா மூக்கு, மேல்வீட்டுக்காரங்க எல்லாத்துக்கும் அது ஒரு மூக்கு."

அம்மா வீட்டை இழுக்காமல் அவரால் ஒரு வேலை செய்ய முடியாது. சிரித்துவிட்டேன், பிரஷ் கோணிவிட்டது, அந்தக் கருவிழியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

வளையம் இருக்கிறது அக்கா. முழு வட்டம் இல்லை. மேலே அகலம், கீழே மெல்லிசு, மூக்குப் பக்கம் அறுந்திருக்கிறது. நிறம் வெள்ளை என்று அந்த லௌஷாக்காரம்மா சொன்னது சரியில்லை, பாலாடையில் ஒரு சொட்டு நீலம் விட்ட மாதிரி. கருவிழியும் என்னுடையது போலக் கறுப்பு இல்லை. வெளிறி, ஓரத்தில் செம்மண் நிறத்துக்குப் போகிறது. வெள்ளை விழி பழைய பனியன் நிறம். மூக்குப் பக்கம் அரிசி நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் மேடு. அதற்குள் ஒரு நரம்பு வளைந்து போகிறது. நான் நூலைப் பிரித்து ஒட்டி ஒட்டி எடுத்தேன். மதியத்துக்கு மேல் அவருக்குக் கண் கூசியது. "போதுமா?" என்றார். "இன்னும் செத்த நேரம்ப்பா" என்றேன். இருந்தார். அப்படியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும், "சரியாச் சாப்பிடுறதில்லையா நீ?" என்றார்.

இரண்டு ராத்திரி நம் வீட்டிலேயே தங்கினார். வெள்ளிக்கிழமை போட்டுவிட்டேன். நிறம், வளையம், மேடு எல்லாம் கச்சிதம். ஆனால் அக்கா, கருவிழி அரை மில்லிமீட்டர் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. கீழ் மடிப்பு இல்லாததால் கண் லேசாகச் சாய்கிறது. அடிப்பக்கம் கொஞ்சம் கூட்டி, முன்பக்கம் தேய்த்தால் இறங்கிவிடும். அப்பாவிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எங்க போறீங்க? நான் இன்னும் முடிக்கலை."

"மிளகு காயுது. சடையாண்டி தனியாக் கெடப்பான்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். ரெண்டு மணி நேர வேலைப்பா, கழற்றிக் குடுங்க, அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சிறுமலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி கையில் இருக்கிறது, போடவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த ஒருவர் அவர் முகத்தையே பார்க்கிறார். நான் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, அரை மில்லி மேலே இருக்கு. எல்லாருக்கும் தெரியும். என் வேலைன்னு வேற சொல்வாங்க."

"ஆறு மாசத்துக்கு ஒருக்க பாலிஷ் போட வரணும்னு அந்த மல்லிகைக்காரம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேல்ல?"

"ஆமா."

"எனக்கும் உண்டுல்ல?"

"உண்டு."

"அப்பப் பாத்துக்கலாம். கம்பியை விடுடா, வண்டி எடுக்கிறான்."

போய்விட்டார். அரை மில்லி, அக்கா. இப்போது சிறுமலை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிப்ரவரி வரைக்கும் நான் எப்படித் தூங்குவது?

ரொனால்டு